தோல்விக்குக் கிடைக்கும் பரிசு: என்.பி.ஏ. டிராஃப்ட் லாட்டரியின் நாற்பது ஆண்டுகள்

2023 ஏப்ரல் 7. என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் டாலஸ் மேவரிக்ஸ் தன் சொந்த அரங்கில் சிகாகோ புல்ஸை எதிர்கொண்டது. அதோடு சேர்த்து சீசனில் மிச்சம் இருந்தவை இரண்டே ஆட்டங்கள். இரண்டையும் ஜெயித்து, மற்ற முடிவுகளும் ஒத்துவந்தால் பிளேஆஃபுக்கு முந்தைய பிளே-இன் தகுதிச் சுற்றுக்குள் நுழையலாம் என்ற நிலை. ஆனால் கைரி இர்விங் உட்பட முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் அன்று களத்துக்கே வரவில்லை. அரங்கில் அன்று ஸ்லோவேனியாவுக்கான சிறப்பு நிகழ்ச்சி என்பதால் அந்நாட்டவரான லூக்கா டோன்சிச் மட்டும் இறங்கினார். முதல் கால்பகுதி ஆடினார். இரண்டாம் கால்பகுதி தொடங்கிய சற்று நேரத்தில் வெளியே அழைக்கப்பட்டார். பிறகு திரும்பவில்லை. டாலஸ் 112–115 என்று தோற்று வெளியேறியது.

அந்தத் தோல்வியால் டாலஸுக்கு என்ன லாபம்? பழைய ஒரு பரிமாற்றத்தில், புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் தன் முதல் சுற்றுத் தேர்வை நியூயார்க் நிக்ஸுக்குக் கொடுப்பதாக டாலஸ் ஒப்புக்கொண்டிருந்தது. அந்தத் தேர்வு முதல் பத்து இடங்களுக்குள் விழுந்தால் மட்டும் டாலஸிடமே தங்கும் என்பது நிபந்தனை. தோற்றதால் பத்தாம் இடம் கிடைத்தது, தேர்வும் கையைவிட்டுப் போகவில்லை. என்.பி.ஏ. விசாரித்து 7.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. டாலஸோ அந்தப் பத்தாம் இடத்தை ஓக்லஹோமா சிட்டியிடம் கொடுத்துப் பன்னிரண்டாம் இடத்தை வாங்கி, டெரெக் லைவ்லி என்ற இளம் சென்டரை எடுத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அவரோடு இறுதிப் போட்டி வரை போனது. கோடிக்கணக்கில் சம்பளம் புரளும் லீகில் 7.5 லட்சம் டாலருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

வேண்டுமென்றே தோற்பது ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் டாலஸ் நிர்வாகம் அன்று செய்தது, விதிகள் கொடுத்த ஊக்கத்துக்குச் சரியாகக் கணக்குப் போட்ட வேலை. கோளாறு கணக்கில் இல்லை, விதியில் இருக்கிறது. அந்த விதியை என்.பி.ஏ. நாற்பது ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு திருத்தமும் நோயை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளியதே தவிர, வெளியேற்றவில்லை.

டிராஃப்டின் அடிப்படை எளிமையானது. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் எடுத்துக்கொள்கின்றன. பலவீனமான அணிக்கு முதலில் கை நீட்டும் உரிமை. பணமும் கவர்ச்சியும் உள்ள லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் போன்ற நகரங்களே எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. நோக்கம் நியாயமானதுதான். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியில் முடிக்கும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். அமெரிக்க லீகுகளில் அந்தப் பயம் கிடையாது. முப்பது அணிகளும் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். தோற்றால் தண்டனை இல்லை, வரிசையில் முன்னிடம் உண்டு.

மற்ற விளையாட்டுகளைவிடக் கூடைப்பந்தில் இந்த ஆசை கூர்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. களத்தில் ஐந்தே பேர். சிறந்த ஆட்டக்காரர் 48 நிமிட ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் களத்தில் இருப்பார். கிரிக்கெட்டில் ஒரு மேதை சேர்ந்தாலும் மற்ற பத்துப் பேர் கைகொடுக்க வேண்டும். கூடைப்பந்தில் ஒருவரால் ஓர் அணியின் பத்தாண்டுத் தலையெழுத்து மாறும். சம்பள விதியும் இதைத் தூண்டுகிறது. 1995 முதல் புதியவர்களின் சம்பளம் தேர்வு இடத்துக்கேற்ப முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 2023இல் முதல் தேர்வாக வந்த விக்டர் வெம்பன்யாமாவுக்கு முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 1.2 கோடி டாலர். அதே சீசனில் ஸ்டீஃபன் கரி வாங்கியது 5.1 கோடிக்கும் மேல். சம்பள உச்சவரம்பு உள்ள லீகில், மலிவு விலையில் கிடைக்கும் ஒரு மேதையைவிடப் பெரிய சொத்து வேறில்லை.

லாட்டரி வந்த கதை 1984இல் தொடங்குகிறது. அதுவரை இரண்டு பிரிவுகளிலும் கடைசியாக முடித்த அணிகளுக்கு இடையே பூவா தலையா போட்டு முதல் தேர்வை முடிவு செய்தார்கள். முந்தைய ஆண்டு அப்படி ஜெயித்து ரால்ஃப் சாம்ப்சனை எடுத்த ஹூஸ்டன் ராக்கெட்ஸ், 1983–84 சீசனின் கடைசி 17 ஆட்டங்களில் 14இல் தோற்றது. ஒரு கூடுதல் நேர ஆட்டத்தில், 38 வயதாகிவிட்ட எல்வின் ஹேய்ஸ் 53 நிமிடங்களும் இடைவிடாமல் களத்தில் நிறுத்தப்பட்டார். இளையவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஓய்வு பெறப்போகும் ஒருவரை ஒரு நிமிடம்கூட வெளியே எடுக்காமல் ஆடவிட்டதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஹூஸ்டன் மறுபடியும் பூவா தலையாவில் ஜெயித்து அகீம் ஒலஜுவானை எடுத்தது. அதே டிராஃப்டில் மூன்றாவதாகப் போனவர் மைக்கேல் ஜோர்டன்.

மறு ஆண்டே கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் லாட்டரியைக் கொண்டுவந்தார். பிளேஆஃபுக்குப் போகாத ஏழு அணிகளுக்கும் ஒவ்வோர் உறை, எல்லோருக்கும் சம வாய்ப்பு. நியூயார்க் நிக்ஸின் உறை முதலில் வந்தது, பேட்ரிக் யூயிங் அங்கே போனார். உறையைக் குளிர்வித்து அடையாளம் வைத்தார்கள் என்ற வதந்தி இன்றுவரை ஓயவில்லை. அதற்கு ஆதாரம் எதுவும் வந்ததில்லை. என்னைக் கேட்டால், வதந்தியைவிட முக்கியமானது அன்று கவனிக்கப்படாமல் போன இன்னொரு முடிவு. அந்த சீசனில் 22 வெற்றி, 60 தோல்வியோடு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட கோல்டன் ஸ்டேட் ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. பலவீனமானவருக்கு உதவி என்ற அடிப்படையே அங்கே அடிபட்டது.

ஆனால் சம வாய்ப்பு ஒரு விஷயத்தைச் சாதித்தது. பெக் டெய்லர், ஜஸ்டின் டிராக்டன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1983–84, 1984–85, 1989–90 என்று விதி மாறிய மூன்று காலகட்டங்களை ஒப்பிட்டார்கள். தோல்விக்குப் பரிசு இருந்த முதல் சீசனிலும் கடைசி சீசனிலும், பிளேஆஃப் வாய்ப்பை இழந்த அணிகள் எதிர்பார்ப்பை மீறித் தோற்றன. சம வாய்ப்பு இருந்த நடு சீசனில் அந்தப் போக்கு காணாமல் போனது. ஊக்கம் இருந்தால் தோல்வி, ஊக்கம் போனால் தோல்வியும் போயிற்று. இந்த விவாதத்தில் இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்படியிருந்தும் லீக் சம வாய்ப்பிலிருந்து பின்வாங்கியது. 1987இல் முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் குலுக்கல் என்று குறைத்தார்கள். 1990இல் எடை போட்ட முறை வந்தது. 66 வாய்ப்புகளில் கடைசி அணிக்கு 11, மேலே உள்ள அணிக்கு 1. அந்த ஒற்றை வாய்ப்பை வைத்துக்கொண்டு 1993இல் ஆர்லாண்டோ மேஜிக் ஜெயித்தது. 41 வெற்றி, 41 தோல்வி கண்ட அணி அது. முந்தைய ஆண்டுதான் லாட்டரியில் ஜெயித்து ஷாக்கில் ஓ'நீலை எடுத்திருந்தது. மற்ற அணிகள் கொதித்தன. உடனே ஊசல் எதிர்ப்பக்கம் ஆடியது: கடைசி அணியின் வாய்ப்பு 25 சதவீதமாக உயர்ந்தது.

அன்று நிலைபெற்ற இயந்திரமே இன்றும் ஓடுகிறது. ஒன்று முதல் பதினான்கு வரை எண்ணிட்ட 14 டேபிள் டென்னிஸ் பந்துகள். அவற்றில் நான்கை எடுக்க 1,001 சேர்க்கைகள் சாத்தியம். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அட்டைகளைத் திறக்கும் சடங்கு மட்டும்தான். உண்மையான குலுக்கல் அதற்கு முன்பே ஒரு பூட்டிய அறையில் முடிந்துவிடும். அணிப் பிரதிநிதிகளும் சில பத்திரிகையாளர்களும் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். தணிக்கை நிறுவனத்தார் முன்னிலையில் பந்துகள் சுழல்கின்றன, முதல் பந்து இருபது விநாடி கழித்து மேலேறுகிறது, அடுத்தடுத்தவை பத்து விநாடிக்கு ஒன்று. ஒளிபரப்பு முடியும்வரை யாரும் வெளியே வர முடியாது. இந்த நடைமுறையில் ஒளிவுமறைவு கிடையாது. சர்ச்சை முழுதும் அந்த ஆயிரத்தை யாருக்கு எத்தனை என்று பிரிப்பதில்தான்.

25 சதவீத யுகம் கடைசி இடத்துக்கான ஓட்டப்பந்தயத்தைத் திறந்துவிட்டது. 1996–97இல் டேவிட் ராபின்சன் காயத்தால் ஆறே ஆட்டங்கள் ஆட, சான் அன்டோனியோ 20 வெற்றியோடு முடித்து டிம் டங்கனைப் பெற்றது. ஐந்து கோப்பைகள் அதிலிருந்து வந்தன. அதே டங்கனுக்காகக் காத்திருந்த பாஸ்டன் 15 வெற்றியோடு முடித்து, கையில் இரண்டு தேர்வுகளை வைத்திருந்தும் ஏமாந்தது. 2011–12இல் சார்லட் 7 வெற்றி, 59 தோல்வி. வரலாற்றிலேயே மிக மோசமான வெற்றி விகிதம். அந்தோனி டேவிஸ் அங்கே போகவில்லை, நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார்.

பிறகு ஃபிலடெல்ஃபியா வந்தது. 2013இல் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற சாம் ஹிங்கி, மற்றவர்கள் மறைவாகச் செய்ததைத் திட்டமாகவே அறிவித்துச் செய்தார். இருந்த நல்ல ஆட்டக்காரர்களை விற்று எதிர்காலத் தேர்வுகளைச் சேர்த்தார். 19 வெற்றி, 18 வெற்றி, பிறகு 10 வெற்றி, 72 தோல்வி. முதல் சீசனில் தொடர்ந்து 26 தோல்விகள். காயம்பட்ட இளைஞர்களை எடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டும் அந்த அணி முதல் மூன்று இடங்களுக்குள்ளேயே ஆளெடுத்தது. ஹிங்கி 2016 ஏப்ரலில் 13 பக்கக் கடிதம் எழுதிவிட்டு விலகினார். அவர் எடுத்த ஜோயல் எம்பீட் 2023இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆனாலும் எம்பீட் காலத்து ஃபிலடெல்ஃபியா இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

ஹிங்கியைத் தீர்க்கதரிசி என்பவர்களும் உண்டு, விளையாட்டைக் கெடுத்தவர் என்பவர்களும் உண்டு. அவருடைய அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் சீசன் டிக்கெட் வாங்கியவர்களையும், தோற்பதற்கென்றே கட்டப்பட்ட அணியில் தொழில் கற்க வந்த இருபது வயது இளைஞர்களையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. களத்தில் இறங்கும் ஆட்டக்காரர் யாரும் தோற்க ஆடுவதில்லை. அடுத்த ஒப்பந்தம் அவருடைய இன்றைய ஆட்டத்தில் இருக்கிறது. தோல்வி முடிவாவது அலுவலக அறையில்: யாரை விற்பது, யாருக்கு ஓய்வு, நான்காம் கால்பகுதியில் யாரை உட்கார வைப்பது என்பதில். 2021இல் ஓக்லஹோமா சிட்டி, நல்ல உடல்நிலையில் இருந்த அல் ஹோர்ஃபர்டை சீசனின் மீதி ஆட்டங்களுக்கு இறக்கப்போவதில்லை என்று அறிவித்தே செய்தது.

அதே ஓக்லஹோமா சிட்டி 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸிடம் 79–152 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம், லீக் வரலாற்றிலேயே மிகப் பெரியது. மூன்றரை ஆண்டு கழித்து, 2025 ஜூனில், அந்த அணி கோப்பை வென்றது. இப்படித் தோற்பது பலன் தராது என்று வாதிடுபவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எனினும் அந்த அணியின் நாயகன் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் டிராஃப்டில் வந்தவர் அல்ல, 2019இல் பரிமாற்றத்தில் வந்தவர். ஜேலன் வில்லியம்ஸ் 12ஆம் தேர்வு. தோல்வி நேராக வாங்கித் தந்த உயர்ந்த தேர்வு இரண்டாம் இடத்து செட் ஹோம்கிரென். அதற்கு முன்பே டென்வருக்குக் கோப்பை தந்த நிக்கோலா யோக்கிச் 41ஆம் தேர்வு, மில்வாக்கியின் யானிஸ் 15ஆம் தேர்வு. நல்ல கண்ணும் பொறுமையும் இல்லாத அணிக்கு முதல் இடம் கிடைத்தும் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

ஃபிலடெல்ஃபியாவின் கூத்து நடந்துகொண்டிருந்தபோதே, 2014 அக்டோபரில், வாய்ப்புகளைச் சமப்படுத்தும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 17 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்பு. நிறைவேற 23 வேண்டும் என்பதால் விழுந்தது. பெரிய நகரங்களுக்கு ஆட்டக்காரர்கள் தாமாகவே வருவார்கள், எங்களுக்கு டிராஃப்டை விட்டால் வேறு வழி இல்லை என்பது சிறு நகர அணிகளின் வாதம். 2017 செப்டம்பரில் 28–1 என்று மாற்றம் நிறைவேறியது. எதிர்த்தது ஓக்லஹோமா சிட்டி, டாலஸ் வாக்களிக்கவில்லை. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம். குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு. கடைசி அணி ஐந்தாம் இடம் வரை இறங்கலாம்.

விளைவு என்ன? 2019 முதல் 2025 வரை ஏழு லாட்டரிகளில் ஒருமுறைகூடக் கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்கவில்லை. 2023இலும் 2024இலும் கடைசியில் முடித்த டெட்ராய்ட் இரண்டு முறையும் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. இரண்டாவது முறை, ஒரே சீசனில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்ற வேதனையோடு. 2025இல் 17 வெற்றி பெற்ற யூட்டாவும் ஐந்தாம் இடம், 18 வெற்றி பெற்ற வாஷிங்டன் ஆறாம் இடம். 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸ் முதல் இடம் பிடித்து கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது, டோன்சிச்சை லேக்கர்ஸுக்கு விற்றுச் சொந்த ரசிகர்களிடமே வசை வாங்கிய மூன்றே மாதத்தில்.

கடைசி இடத்தின் மதிப்பு குறைந்தது உண்மை. ஆனால் தலைவலி போய்த் திருகுவலி வந்தது. முன்பு இரண்டு மூன்று அணிகள் தோற்கப் போட்டியிட்டன. இப்போது பத்தாம் இடத்தில் இருப்பவருக்கும் ஆசை வந்துவிட்டது. 2020இல் அறிமுகமாகிப் பின்னர் நிரந்தரமான பிளே-இன் சுற்று இதை ஓரளவு தடுத்தது, நடுத்தர அணிகளுக்கு ஆட ஒரு காரணம் கொடுத்தது. நட்சத்திரங்களைக் காரணமின்றி உட்கார வைக்கக் கூடாது என்ற விதி 2023–24இல் வந்தது. அதன்படி 2025 மார்ச்சில் யூட்டாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். அது உறைக்கவில்லை. 2026 பிப்ரவரியில் அதே அணிக்கு ஐந்து லட்சம்: முதல் மூன்று கால்பகுதிகள் ஆடிய முன்னணி வீரர்களை நான்காவதில் இறக்கவே இல்லை என்பதற்காக. விதி இறக்கச் சொன்னது, இறக்கினார்கள். எப்போது எடுக்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை.

மாற்று யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பாஸ்டன் நிர்வாகத்தைச் சேர்ந்த மைக் ஜாரன் முன்வைத்த சக்கரத் திட்டத்தில் முப்பது அணிகளுக்கும் முப்பது ஆண்டுச் சுழற்சி. எந்த ஆண்டு எந்த இடம் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். தோற்க ஊக்கமே இருக்காது. ஆனால் முதல் தேர்வு சாம்பியன் அணிக்கே போய்விடலாம். எந்த ஆண்டு எந்த அணி என்று தெரிந்துவிட்டால், கல்லூரியில் இன்னோர் ஆண்டு காத்திருந்து தனக்குப் பிடித்த நகரத்துக்குப் போகவும் ஒரு மேதை திட்டமிடலாம். பலவீனரைக் கைவிடும் திட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆடம் கோல்ட் முன்வைத்த திட்டம் அழகானது: பிளேஆஃப் வாய்ப்பை இழந்த பிறகு யார் அதிகம் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு முதல் தேர்வு. மோசமான அணி சீக்கிரம் வெளியேறும் என்பதால் அதற்கு அதிக ஆட்டங்கள் கிடைக்கும். வட அமெரிக்கத் தொழில்முறை மகளிர் ஐஸ் ஹாக்கி லீக் இதைக் கையாள்கிறது. முதல் சீசனில் கடைசியில் முடித்த நியூயார்க் அணி, வெளியேறிய பிறகு சேர்த்த புள்ளிகளால் 2024இன் முதல் தேர்வைப் பெற்றது. மார்ச் மாத ஆட்டங்களுக்கு உயிர் கொடுக்கும் முறை இது. ஆனால் 82 ஆட்ட சீசனில், நவம்பரில் தோற்றுச் சீக்கிரம் வெளியேறிவிட்டு, காயம் என்று உட்கார வைத்தவர்களைப் பிப்ரவரியில் இறக்கத் துணியும் நிர்வாகங்கள் வரும்.

டிராஃப்டையே ஒழித்துவிட்டு ஏலம் வைக்கலாமே என்று நம் வாசகர்களுக்குத் தோன்றும். ஐ.பி.எல்.லில் எல்லா அணிக்கும் ஒரே சம்பள வரம்பு. 2025இல் சென்னை சூப்பர் கிங்ஸ் கடைசி இடத்தில் முடித்ததற்காக அந்த வரம்பு அதற்கு ஒரு ரூபாய்கூட உயரவில்லை. அதனால் அங்கே தோற்க யாருக்கும் காரணம் இல்லை. ஆனால் ஏலத்தில் ஆட்டக்காரருக்கு எங்கே ஆடுவது என்ற தேர்வே கிடையாது. நட்சத்திரங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற என்.பி.ஏ. ஆட்டக்காரர் சங்கம் அதற்கு ஒருபோதும் இணங்காது.

எனக்குச் சரியாகப் படுவது பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் வழி. அங்கே லாட்டரி வாய்ப்பு இரண்டு சீசன்களின் கூட்டுக் கணக்கில் முடிவாகிறது. என்.பி.ஏ. இதை மூன்று சீசன்களாக எடுத்துக்கொள்ளலாம். 246 ஆட்டங்களின் கணக்கில் ஏப்ரலில் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதால் ஒன்றும் கிடைக்காது. யோக்கியமாக நொடித்துப்போன அணிக்கு உதவியும் தப்பாது. ஆனால் இது ஆண்டுக்கணக்கில் தோற்கும் ஃபிலடெல்ஃபியா பாணிக்குத் தீனி போடும். அதற்குத் தேசிய ஹாக்கி லீகின் விதி உதவும். அங்கே ஓர் அணி ஐந்து ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் லாட்டரியில் ஜெயிக்க முடியாது. அதையே இன்னும் இறுக்கி, முதல் நான்குக்குள் ஒருமுறை எடுத்த அணி அடுத்த ஆண்டு அந்த நான்குக்குள் வரக் கூடாது என்றால், ஹிங்கியின் திட்டம் பாதியில் சரிந்திருக்கும். சான் அன்டோனியோவும் 2023 முதல் 2025 வரை தொடர்ந்து முதல் நான்குக்குள் மூன்று பேரை எடுத்திருக்காது. திடீரெனக் காயத்தால் சரியும் அணிக்கு உதவி தாமதமாகும் என்பது இதன் குறை. அந்தக் குறையை ஏற்கலாம் என்பதே என் கருத்து. ஒரு சீசன் காயத்தால் போனால் அடுத்த சீசனில் அந்த ஆட்டக்காரர் திரும்பி வருவார்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்குக் கோட்பாட்டு விவாதம் தேவையில்லை. பரிமாற்றங்களில் முதல் பத்துக்குள் விழுந்தால் எனக்கு, தாண்டினால் உனக்கு என்று நடு இடங்களில் வேலி போடும் நிபந்தனைகளைத் தடை செய்ய வேண்டும். 2006இல் மின்னசோட்டா தன் கடைசி ஆட்டத்தில், மூன்று புள்ளி எறிதலுக்குச் சம்பந்தமே இல்லாத மார்க் மேட்சனை ஏழு முறை எறிய விட்டது. ஏழும் தவறின. காரணம் இதே மாதிரி ஒரு வேலிதான். 2023இல் டாலஸ் செய்ததும் அதுவே. இந்த வேலிகளால் பலவீனமான எந்த அணிக்கும் உதவி கிடைப்பதில்லை. பேரம் பேசும் மேலாளர்களின் வசதிக்காக மட்டுமே இவை இருக்கின்றன.

பந்தயம் சட்டப்பூர்வமாகிவிட்ட நாட்டில், ஓர் அணி இன்று ஜெயிக்க விரும்புகிறதா என்ற சந்தேகம் ரசிகருக்கு வருவது லீகின் அடித்தளத்தையே அரிக்கும். எந்த மாற்றத்துக்கும் முப்பது உரிமையாளர்களில் 23 பேரின் வாக்கு வேண்டும். அவர்களில் பலர் ஏதோ ஓர் ஆண்டில் தோல்வியால் லாபம் பார்த்தவர்கள். வேலித் தடைக்காவது அந்த 23 பேர் அடுத்த கூட்டத்திலேயே கை தூக்க வேண்டும்.